சர்க்கார் சந்தில் ஒரு துவைக்கல்

எங்கள் வீட்டு முன்வாசலில், ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தை ஒட்டி, ஒரு துவைக்கல் கிடக்கிறது. நல்ல கருங்கல். ஒரு பக்கம் மட்டும் துணி அடித்து அடித்து வழவழவென்று ஆகியிருக்கும். வாஷிங் மெஷின் வந்த பிறகு அதில் ஒரு கைக்குட்டைகூட யாரும் துவைத்ததில்லை. வருகிறவர்களெல்லாம், “இதை எதுக்கும்மா இங்க போட்டு வெச்சிருக்கீங்க, வண்டி எடுக்க இடைஞ்சலா இல்லையா?” என்று கேட்கிறார்கள். இடைஞ்சல்தான். என் மகள் அதில் முட்டியை இடித்துக்கொள்ளும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள், யாருக்காவது தூக்கிக் கொடுத்துத் தொலை என்கிறாள். சரி என்பேன், கொடுக்கமாட்டேன். பக்கத்து வீட்டு டீச்சர் ஒருவர்தான் கல்லைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. மார்க்கெட்டிலிருந்து பையோடு வரும்போது மூச்சு வாங்கினால், எங்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் உட்கார்ந்துவிடுவார். அப்போதெல்லாம் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது.

கல்லைப் போட்டவர் என் பெரியப்பா. அப்பா அம்மா இரண்டு பேரையும் சின்ன வயதிலேயே இழந்துவிட்ட என்னை மல்லேஸ்வரத்துக்குக் கூட்டிவந்து வளர்த்தவர். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. எனக்கு வேறு வீடு இல்லை. பெரியப்பாவுக்கு மாநில அரசாங்கத்தில் வேலை. சர்க்கார் நிலத்தை யாராவது வளைத்துக்கொண்டால் அந்த வழக்கைக் கவனிக்கிற பிரிவில் சூப்பரின்டென்டென்ட். பழைய வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு அரசு வக்கீலுக்குப் பின்னால் கோர்ட் படி ஏறி இறங்குவதிலேயே அவருடைய முக்கால்வாசி சர்வீஸ் போயிற்று. ஏரிக்கரையில் ஷெட் போட்டவன், பார்க் மூலையில் கடை வைத்தவன், சுடுகாட்டு ஓரத்தில் காம்பவுண்ட் எழுப்பியவன் எல்லாரும் எங்கள் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் வந்து போவார்கள். “சிவன் சொத்து குலநாசம்னு சொல்லி வெச்சான். சர்க்கார் சொத்துக்கு அந்த மாதிரி ஒரு சாபம் யாரும் விடல. அதான் ஆளாளுக்கு அள்றான்” என்பார் பெரியப்பா. சட்டத்தையும் சோறு பிசைந்துகொண்டே சொல்லுவார். அடுத்தவன் நிலத்தில் பன்னிரண்டு வருஷம் எல்லாரும் பார்க்க உட்கார்ந்திருந்து, சொந்தக்காரன் ஏன் என்று கேட்காவிட்டால், அந்த நிலம் உட்கார்ந்தவனுக்கே போய்விடலாம். அதுவே சர்க்கார் நிலம் என்றால் முப்பது வருஷம். “ஏன் முப்பதுன்னு கேளு பாப்பா. சர்க்காருக்குக் கண்ணு ஆயிரம். ஆனா திரும்பிப் பாக்க முப்பது வருஷம் ஆவும்.” இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். அவர் அப்படிச் சிரிக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. மல்லேஸ்வரத்தைத் திட்டம் போட்டுக் கட்டிய காலத்தில், எடுப்புக் கக்கூசு வண்டிகள் வந்து போவதற்காக வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் விட்ட சந்து. பாதாளச் சாக்கடை வந்ததும் வண்டிகள் நின்றன; சந்துகள் அனாதையாயின. எங்கள் சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளச் சுவர். இந்தப் பக்கம் வீடுகள். எங்களுடையது கடைசி வீடு, அதற்கு மேட்டுப்பக்கம் டீச்சர் வீடு. மழைத் தண்ணீர் டீச்சர் வீட்டுப் பின்புறமாக இறங்கி, எங்கள் பின்புறத்தைத் தாண்டி, தெருக்கோடியில் பெரிய சாக்கடையில் விழும். பெரியம்மாவுக்கு உள்ளே துவைக்க இடம் போதவில்லை. சந்தில் ஒரு கல் போட்டால் நன்றாயிருக்கும் என்றாள். பெரியப்பா போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ப்பரேஷன் வார்டு இன்ஸ்பெக்டர் டீச்சர் வீட்டுக்கு எதற்கோ வந்திருந்தபோது, அங்கேயே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்: “ஒரு துவைக்கல்லு மட்டும் போட்டுக்கறேன் சார். எப்ப வேணும்னு சொன்னாலும் எடுத்துடறேன்.” இன்ஸ்பெக்டர் டீச்சர் கொடுத்த காபியைக் குடித்தபடி, நீங்களே சர்க்கார் மனுஷர், உங்களுக்கு நான் என்ன சொல்வது, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் பெரியப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன்.

கல் வந்தது. கல்லுக்கு வெயில் படுகிறதே என்று மேலே ஒரு தகரம் வந்தது. தகரத்துக்குத் தூண் வந்தது. நாய் நுழைகிறது என்று இரண்டு பக்கமும் சுவர் வந்தது. சுவரின் அடியில் தண்ணீர் போக மட்டும் ஓர் ஓட்டை விட்டார் பெரியப்பா. அப்போது நான் ஹைஸ்கூலில் இருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேட்டுப்பக்கத்து வீட்டுக்காரர்களும் சந்தில் ஆளுக்கொரு பூந்தொட்டியும் கோழிக்கூண்டும் வைத்திருந்தார்கள். ஊரார் வளைத்தால் ஆக்கிரமிப்பு, நாம் வளைத்தால் ‘நம்ம பின்பக்கம்’. எங்கள் வீட்டில் அதை யாரும் சந்து என்று சொல்வதே நின்றுபோயிற்று.

அதன் பிறகு எத்தனையோ வருஷம் கழித்து, கல்யாணம் முறிந்து, இரண்டு சூட்கேசும் கைக்குழந்தையுமாக நான் திரும்பி வந்தேன். பெரியம்மா அதற்குள் போய்விட்டிருந்தாள். ஹாலில் பாயை விரித்துப் படுப்பேன். குழந்தை அழுதால் பெரியப்பா தூக்கம் கெட்டுவிடுமே என்று வாசலில் தூக்கிக்கொண்டு நடப்பேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் கொத்தனாரைக் கூட்டிவந்து பின்பக்கத்தை அளந்தார். தகரம் போய் கான்கிரீட் கூரை வந்தது, மொசைக் தரை வந்தது, குளிக்கிற அறை ஒட்டிக்கொண்டு வந்தது. தரையை உயர்த்தியபோது சுவரடியில் தண்ணீர் போக விட்ட ஓட்டை தரைக்கு அடியில் மூடிப்போய்விட்டது. துவைக்கல்லை மூலையில் நகர்த்தி, அதன் மேல் என் தையல் மெஷினை வைத்தோம். “உனக்குன்னு ஒரு கதவு இருக்கணும் பாப்பா. சாத்திக்கினு அழறதுன்னாலும் அழலாம்” என்றார். அன்றைக்கு அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நான் நிஜமாகவே அழுதேன். ஓட்டை நினைவு எனக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. அவருக்கு வராமலா இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த பெருமழையில் டீச்சர் வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் ஏறியது. டீச்சர் கன்னடக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்களோடு பேசிப் பேசி அவருடைய தமிழும், அவரோடு பேசிப் பேசி எங்களுடைய கன்னடமும் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தன. மழை விட்ட காலையில் முழங்கால் வரை சேறும் நனைந்த புடவையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன், தரை அழுக்காகும் என்று வரவில்லை. “சார், பின்னாடி நீரு ஹோகல்ல. அரிசி டப்பா எல்லா மிதக்குது. அந்த ரூமுக்கு அடியில ஒரு பைப்பாவது ஹாகி கொடுங்க சார்” என்றார். தண்ணீர் போகவில்லை, ஒரு பைப்பாவது போட்டுக் கொடுங்கள் என்கிறார். சண்டை போடுகிற குரல் இல்லை, கெஞ்சுகிற குரல். பெரியப்பா அவருடைய காலடியில் சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, “நோடோண டீச்சர்” என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் ஊர் ஆபீஸ்களில் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும், ‘நோடோண’ என்று சொல்லிவிட்டால் அந்தக் காரியம் நடக்காது. தன் வாழ்நாள் முழுக்க மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் அவர் சொன்ன வார்த்தையைத்தான் டீச்சரிடமும் சொன்னார். பைப் போட என் அறையின் தரையை உடைக்கவேண்டும். குழந்தைக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. அது ஒரு காரணமா? இல்லை. அம்மை இறங்கிய பிறகும் நாங்கள் உடைக்கவில்லை.

இன்னும் சில மழைகள் பார்த்துவிட்டு டீச்சர் கார்ப்பரேஷனுக்கு எழுதினார். எங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பொதுச் சந்து, காலி செய்யவும். நான் பெரியப்பாவிடம், கொடுத்துவிடலாம், நானும் குழந்தையும் ஹாலில் படுத்துக்கொள்கிறோம் என்றேன். சொன்னேனே தவிர, உரக்கச் சொல்லவில்லை. அவர் நோட்டீஸைக் கிழியாமல் உரித்து எடுத்து மடித்துக்கொண்டார். “கல்லு போட்டு முப்பது வருஷம் தாண்டிடுச்சு” என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. சோறு பிசைந்துகொண்டே அவர் சொல்லுகிற சட்டத்தைத்தான் எங்கள் சந்துக்குச் சொல்கிறார் என்று பிறகு புரிந்தது.

நோட்டீஸை எதிர்த்து வழக்குப் போடப் போனபோது வக்கீல் ஆபீசில் நானும் இருந்தேன். வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதைக்காரர். “சார், உங்களுக்குத் தெரியாதது இல்ல. ஆனாலும் சொல்றது என் டூட்டி. அனுபவ பாத்தியதைல நாம ஜெயிக்கணும்னா, நீங்க யாரையும் கேக்காம எடுத்தீங்கன்னு சொல்லணும். இது என்னுதுதான்னு எல்லார் எதிர்லயும் வெச்சிருந்தேன்னு சொல்லணும். யாரையாவது கேட்டுட்டுப் போட்டேன்னு ஒரு வார்த்தை வந்தாலும் அது அனுமதி ஆயிடும். அனுமதியில இருக்கறவனுக்கு நூறு வருஷம் ஆனாலும் சொந்தம் ஆகாது. விருந்தாளிக்குக் கிடைக்காது சார், வந்து உக்காந்துகிட்டவனுக்குத்தான் கிடைக்கும்.” தெரியும் என்று பெரியப்பா தலையசைத்தார். பிறகு, “யாரையும் கேக்கல” என்றார். ஞாயிற்றுக்கிழமை, இன்ஸ்பெக்டர், காபி, கட்டிய கை, அவருடைய விரலைப் பிடித்திருந்த நான் எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் இல்லாமல் போயின. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

சிவில் கோர்ட்டில் பெரியப்பா கூண்டேறிய நாளை நினைத்தால் இன்றும் என் காது சுடுகிறது. எங்கள் வக்கீல் அரசியல் சாசனத்தின் முந்நூறு-ஏ பிரிவைச் சொல்லி, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்று ஆரம்பித்தார். கார்ப்பரேஷன் வக்கீல், அது உங்கள் சொத்துக்குத்தானே, முதலில் உங்களுடையது என்று காட்டுங்கள் என்றார். பிறகு பெரியப்பாவிடம் கேள்விகள். எந்த இலாகாவில் வேலை பார்த்தீர்கள்? சொன்னார். சர்க்கார் நிலத்தை வளைத்தவர்களைக் காலி செய்ய இதே கோர்ட்டுக்கு வந்ததுண்டா? உண்டு. இது பொதுச் சந்து என்று தெரியுமா? தெரியும். தெரிந்தும் எடுத்தீர்களா? எடுத்தேன். யாரையாவது கேட்டீர்களா? யாரையும் கேட்கவில்லை. கார்ப்பரேஷன் வக்கீல் ஜட்ஜைப் பார்த்து, “பேலியே எத்து ஹொல மேய்தங்கெ” என்றார். நம் ‘வேலியே பயிரை மேய்ந்தது’தான். கோர்ட்டில் ஒரு நாலைந்து பேர் சிரித்தார்கள். சர்க்கார் தரப்பில் சாட்சி சொன்ன காலத்தில் பெரியப்பாவை நாற்காலி போட்டு உட்காரவைத்த கோர்ட் சிப்பந்தி ஒருவர் கதவருகில் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாய்தாவில் கார்ப்பரேஷன் தரப்பில் டீச்சரைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஏறியதைச் சொல்லத்தான் கூப்பிட்டது. மிதந்த அரிசி டப்பா வரை சொன்னார். எங்களைத் திட்டிக் கொட்டுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார்ப்பரேஷன் வக்கீல், வாதி தானே ஒப்புக்கொண்டபடி யாரையும் கேட்காமல் இடத்தைப் பிடித்துக்கொண்டார், அல்லவா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “இல்ல இல்ல. அவரு கள்ள அல்ல” என்றார். கன்னடத்தில்தான் சொன்னார், தமிழுக்கும் அது புரியும். திருடர் இல்லை, நல்ல மனிதர். இன்ஸ்பெக்டரை என் வீட்டுக்கே வந்து, என் எதிரில், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவேன் என்றார். என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் சரி என்றார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பெரியப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, “ஹௌதல்வா சார்?” என்று கேட்டார். ஆமாம்தானே, சார்? ஜட்ஜ், அங்கே பார்க்காதீர்கள் அம்மா, இங்கே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பெரியப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வக்கீல் எழுந்தார். அவர் என்ன செய்வார், அவருடைய வேலை அது. வயது என்ன அம்மா? கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? பெயர் தெரியாதா? மாத்திரைப் பெயரே மறந்துவிடுகிறது, அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது? நீங்கள் சொல்வது கனவு என்கிறேன், என்ன சொல்கிறீர்கள்? கணக்கு டீச்சர், ஒரு வார்த்தைக்குத் தடுமாறாதவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கனஸு அல்ல, நடந்துது” என்று மெல்லச் சொன்னார். மறுபடியும் பெரியப்பாவைப் பார்த்தார், இந்தத் தடவை கேட்கவில்லை. நான் பெரியப்பாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து, நானும் அங்கே நின்றிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. எனக்கு அறையும் வேண்டியிருந்தது.

வழக்குத் தோற்றது. பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட நிலத்துக்கு மாநகராட்சி ஊர் ஜனங்களின் சார்பில் காவல்காரன்தான், அதை இப்படிச் சொந்தம் கொண்டாட விடமுடியாது என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். வாதி அனுமதி பெற்று இருந்தவர்தான், இரண்டாம் சாட்சியின் வார்த்தை நம்பத்தக்கது என்றும் எழுதியிருந்தார். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தார். “சரியாத்தான் எழுதியிருக்கார்” என்று மட்டும் சொன்னார். அப்பீல் வேண்டாம் என்றார். ஜேசிபி வந்து அறையை இடித்த அன்று, துவைக்கல்லை மட்டும் ஆட்களை வைத்து முன்வாசலுக்குத் தூக்கிவரச் சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்று சொன்ன கல்லை அப்படித்தான் எடுத்தார். சந்தில் குழாய் பதித்தார்கள். அடுத்த மழையில் டீச்சர் வீடு உலர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு பெரியப்பா டீச்சர் வீட்டு வாசலைத் தாண்டி நடக்கவே இல்லை. பார்க்குக்கு அந்த வழிதான் கிட்டே. அவர் கீழ்ப்பக்கம் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கால் வலியோடு போவார். டீச்சர் கேட்டில் நின்றுகொண்டிருந்தால், இவர் கேட்டுக்கு உள்ளேயே திரும்பிவிடுவார். உகாதிக்கு டீச்சர் அனுப்பிய ஒப்பட்டை, நம் போளியை, நானும் மகளும் தின்றோம்; அவர் தட்டைத் தள்ளிவைத்தார். டீச்சர் என்னிடம், “சாருக்கு என் மேல ரொம்ப கோபா” என்றார். கோபம் இல்லை, வெட்கம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வெட்கத்துக்குக் காரணத்தையும் சொல்லவேண்டிவரும். பெரியப்பா போன அன்று முதல் ஆளாக வந்து, வாசலில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அழுதவர் டீச்சர்.

டீச்சருக்கு இப்போது மறதி வந்துவிட்டது. கேஸை அணைத்தாரா, பருப்பைக் கழுவினாரா என்று குழம்புகிறார். அன்று வக்கீல் வம்புக்குச் சொன்னது இன்று உண்மையாகிவிட்டது. பழைய ஞாயிற்றுக்கிழமையும் காபியும் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. நனைந்த புடவையோடு எங்கள் வாசலில் நின்றது மட்டும் சுத்தமாக ஞாபகம் இல்லை. போன வாரம் மார்க்கெட்டிலிருந்து வந்து கல்லில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, வழவழப்பான பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே பேசினார்.

“நான் முதல்ல வந்து ஒரு மாத்து, ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. கேக்காம நேரா கார்ப்பரேஷனுக்கு எழுதிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி செய்யற வேலையா அது? கேட்டிருந்தா சார் தானே எடுத்துட்டிருப்பார். ஒள்ளே மனுஷ. கோர்ட்டுல ஏத்தி வெச்சுட்டேன் அவரை.”

கேட்டீர்கள் டீச்சர், சேறும் சகதியுமாக இதே வாசலில் நின்று கேட்டீர்கள், நாங்கள்தான் கொடுக்கவில்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பெரியப்பா ஒள்ளே மனுஷராக, நல்ல மனிதராக, இன்னும் இருக்கிற ஒரே இடம் இந்த அம்மாவின் மனசுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

“ஆமா டீச்சர், கேட்டிருந்தா எடுத்திருப்பாரு” என்றேன்.

டீச்சர் தலையாட்டினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து, சாரிடம் கேட்க முடியவில்லை, நீயாவது என்னை மன்னித்துவிடு என்றார். “பரவாயில்ல டீச்சர், விடுங்க” என்று, அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவரை, நான் மன்னித்தேன்.